உக்கிரபாண்டி வீடு எது?

பானுப்பிரியாவுக்கு வேலை, பிசகு கண்டுபிடிப்பது. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பதினோரு வருஷமாகச் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். முருகனின் வேல் நுனியில் சிவப்பு மை ஒரு மயிரிழை விலகியிருந்தாலும், லட்சுமியின் மூக்குத்தி கன்னத்துக்கு இறங்கியிருந்தாலும், அவள் விரல் அந்தத் தாளை உருவி ஓரமாகப் போட்டுவிடும். அப்படிப்பட்டவள் வீடு வாங்கப் புறப்பட்டால் என்ன ஆகும் என்று அவள் புருஷன் செழியனுக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.

செழியன் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மகள் சினேகா ஒன்பதாம் வகுப்பு. எம். புதுப்பட்டியில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டை, தன் மகனுக்குக் கல்யாணம் வைத்திருப்பதால் தை மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார் வீட்டுக்காரர். இன்னொரு வாடகை வீட்டுக்கு அலைவதைவிட, சிவகாசியை ஒட்டிப் புதிதாக வளர்ந்திருக்கும் நகர்களில் சொந்தமாகவே ஒன்றை வாங்கிவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். லோன் தருவதாக பேங்கிலும் சொல்லிவிட்டார்கள். தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருந்ததால் செழியனுக்குக் கையில் நாள் இருந்தது.

வீடு எப்படி வேண்டும் என்று கேட்டால் செழியன், "ரெண்டு ரூம், மேல ஒரு மொட்டமாடி" என்பான். பானுவின் கவலை வீட்டைப் பற்றியதே அல்ல. வீடு சரியில்லை என்றால் இடித்துக் கட்டிக்கொள்ளலாம். தெருவை என்ன செய்வது? தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருதரம் வருகிறது, மழை பெய்தால் எங்கே தேங்குகிறது, சினேகா டியூஷன் முடிந்து வரும் வழியில் விளக்கு எரியுமா, ஒரு அவசரம் என்றால் எந்தக் கதவைத் தட்டலாம் என்பதெல்லாம் பத்திரத்தில் எழுதியிருக்காது.

கடைசிக் கேள்விதான் அவளுக்கு முதல் கேள்வி. தாயில்பட்டித் திசையில் பலத்த சத்தம் எதுவும் கேட்டால், எந்த வேலையில் இருந்தாலும் செழியனுக்குப் போன் போட்டுவிடுவாள். "இருக்கேன்" என்பான். வைத்துவிடுவாள். அந்த ஒரு சொல் காதில் விழுவதற்குள் ஆகிற நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். இதை அவள் செழியனிடம்கூடச் சொன்னதில்லை.

புரோக்கர் சங்கிலிமுத்து முதலில் கூட்டிப்போன இடம் பொன்மலர் நகர். நுழைவில் பெரிய வளைவு, சிமெண்டுக் கல் பதித்த தெருக்கள், ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்த பூங்கா. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வெயிலில் எல்லாம் கழுவித் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது.

"தண்ணி, கரண்டு, ரோடு, எதுலயும் குறை சொல்ல முடியாதுக்கா," என்றான் சங்கிலிமுத்து. "அங்கன பாருங்க, கேமராகூட மாட்டியிருக்காக."

செழியனுக்குப் பிடித்துவிட்டது. முன்பணம் கொடுத்துவிடலாமா என்று கண்ணாலேயே கேட்டான்.

"இன்னொரு நா வந்து பாத்துட்டுச் சொல்றோம்ணே," என்றாள் பானு.

திரும்பும்போது வண்டியில் செழியன் கேட்டான். "அதான் பாத்தாச்சே. இன்னும் என்னத்தப் பாக்கப் போற?"

"ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு எந்தத் தெருவும் நல்லாத்தாங்க இருக்கும். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு நீங்க எம்புட்டு அமைதியா உக்காந்திருந்தீக, நெனச்சுப் பாருங்க."

செழியன் சிரித்தான்.

அந்த வாரம் புதன்கிழமை, மாதாந்திரப் பராமரிப்புக்காகச் சிவகாசியில் பகல் முழுக்க கரண்டு இல்லை. அச்சகத்துக்கு லீவு. பானு தனியாகப் பஸ் ஏறினாள். போகும் வழியில் ஒரு சிக்கல் தோன்றியது. 'உங்க தெரு நல்ல தெருவா?' என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? சும்மா நடந்து போய்ப் பார்த்தாலும் பிள்ளை பிடிக்க வந்தவள் என்று நினைப்பார்கள். ஆகவே ஒரு ஆளின் வீட்டைத் தேடி வந்தவள் மாதிரிப் போய்ப் பேச்சுக் கொடுப்பது என்று முடிவு செய்தாள். அதற்கு அந்தப் பக்கத்தில் யாருக்கும் இல்லாத பெயராக ஒன்று வேண்டும். உக்கிரபாண்டி என்ற பெயர் வாயில் வந்தது. அது உசிலம்பட்டிப் பக்கத்துப் பெயர், சிவகாசி நகர்களில் இருக்க வழியில்லை என்று அவளுக்குத் தைரியம்.

பொன்மலர் நகரில் ஏழு வீடுகளில் கேட்டாள். இரண்டு வீட்டில் நாய் மட்டும் பதில் சொன்னது. மற்ற வீடுகளில் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றபடியே "தெரியாது" என்றார்கள். ஒரு வீட்டுக்காரரிடம், "பக்கத்து வீட்ல கேட்டுப் பாக்கட்டுமாண்ணே, அவுக பேரு என்ன?" என்றாள். "அவுக வந்து ரெண்டு வருசமாச்சு, பேரு தெரியல," என்றார்.

கடைசித் தெருவின் கடைசி வீட்டில் முன்கதவு பூட்டியிருந்தது. பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஆள் அரவம் கேட்டது. சாக்கடையில் ஓடிய தண்ணீர் வெயிலில் வெள்ளி மாதிரிப் பளபளத்தது. பானு நின்றுவிட்டாள். கொட்டகையிலிருந்து ஒரு பெண் வாளியுடன் வெளியே வந்து, இவளைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அந்தப் பெண்ணின் கணுக்கால் வரைக்கும் அதே வெள்ளி நிறம்.

பானுவின் அம்மாவுக்கும் அந்த நிறம் இருந்தது. பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர் எத்தனை முறை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் மிச்சமிருக்கும். லைசென்ஸ் உள்ள பட்டாசுக் கம்பெனியில் ரூமுக்கு நாலு பேர், ரூமுக்கும் ரூமுக்கும் இடைவெளி, வாசலில் மணல் வாளி என்று கணக்கு உண்டு. இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டின் அடுக்களை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது செழியன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"உனக்கு நல்லாத் தெரியுமா?"

"புதுப்பட்டியில வளந்தவகிட்ட கேக்கீகளே."

மறுநாள் காலையில் அவனே தீயணைப்பு நிலையத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். நாலைந்து நாளில் அந்தக் கொட்டகைக்குச் சீல் வைத்துவிட்டதாகச் சங்கிலிமுத்துவே போனில் சொன்னான். எவன் சொன்னானோ, தன் வியாபாரம் கெட்டது என்று புலம்பினான். செழியன் உம் கொட்டிக் கேட்டுக்கொண்டான்.

அடுத்து சங்கிலிமுத்து காட்டியது பூவரசு நகர். விருதுநகர் ரோட்டில் ஆமத்தூருக்கு முன்னால், இருபது வருஷத்துக்கு முன்பு போட்ட பிளாட்டுகள். வளைவு கிடையாது, பூங்கா கிடையாது. தார் ரோடு மெயின் ரோட்டோடு நின்றுவிட, உள்ளே செம்மண்ணும் ஜல்லியும்தான். விற்கிற வீட்டுக்காரர்கள் கோயம்புத்தூரில் மகனோடு போய்த் தங்கிவிட்டார்கள். வீடு பழசு, ஆனால் சுவரில் விரிசல் இல்லை, பின்னால் ஒரு முருங்கை மரம் நின்றது. செழியன் முகத்தைச் சுளித்தான். சங்கிலிமுத்துவே, "சும்மா பாத்து வையிங்க, இத விட நல்லது வரும்," என்றான்.

காலண்டர் சீசனில் லீவு கேட்பது சாமானியமில்லை. சூப்பர்வைசரின் முறைப்பையும் வாங்கிக்கொண்டு பானு ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டாள். மினி பஸ் அவளைப் பூவரசு நகரில் இறக்கிவிட்டபோது மணி மூன்று.

முதல் தெருவில் முதல் வீட்டு முன்னறையில் ஒரு அம்மாள் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், தலையில் முக்காடு, கழுத்தில் அளவு நாடா.

"அக்கா, இங்கன உக்கிரபாண்டி வீடு எது?"

அந்த அம்மாள் மிஷினை நிறுத்தினார். "உக்கிரபாண்டியா? என்ன வேல பாக்காக?"

பானு இதை எதிர்பார்க்கவில்லை. பொன்மலர் நகரில் யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

"அது... தெரியலக்கா. உசிலம்பட்டிப் பக்கத்து ஆளு."

"சரி, உள்ள வாங்க. இந்த வெயில்ல தெருத்தெருவா அலைஞ்சா மயக்கம் வந்துரும்." உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். பெயர் பீவி ஜான் என்றார். கணவர் சிவகாசியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறாராம். பேசிக்கொண்டே போனை எடுத்து, நகர்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் பேசி அனுப்பினார். "உக்கிரபாண்டின்னு ஒருத்தரத் தேடி ஒரு பொண்ணு வந்து நம்ம வீட்ல உக்காந்திருக்கு. உசிலம்பட்டிப் பக்கத்து ஆளாம். தெரிஞ்சவுக சொல்லுங்க."

"வேண்டாம்க்கா, நான் வேற எங்கயாச்சும் விசாரிச்சுக்கிறேன்," என்று எழுந்தாள் பானு.

"உக்காருங்கம்மா. அஞ்சு நிமிசம்."

ஐந்து நிமிஷத்துக்குள் போன் எட்டுத் தடவை மணியடித்தது. இரண்டாம் தெருவில் பாண்டி என்று ஒருவர் உண்டு, ஆனால் அவர் முத்துப்பாண்டி. ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும், கேட்டுச் சொல்கிறோம். அந்தப் பெண் சாப்பிட்டதா என்று கேளுங்கள். கடைசியாக ஒருவர் பேசினார். "நம்ம காளீஸ்வரன் வீட்டு மாடியில நாலு மாசத்துக்கு முன்னாடி ஒரு லாரி டிரைவர் குடி வந்தாருல்ல, அவரு பேரு உக்கிரபாண்டிதான். இப்பத்தான் லோடு எறக்கிட்டு வந்து தூங்குனாரு. எழுப்பி அனுப்புறேன்."

ஓடிப்போய்விடலாமா என்று பானு ஒரு கணம் நினைத்தாள். பீவி ஜான் அதற்குள் டீக்குப் பால் வைத்திருந்தார்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. அவசரத்தில் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்த, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு ஆள் இறங்கினார். தலைமுடி ஈரமாக இருந்தது, முகம் கழுவிச் சீவிக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே வந்து பானுவைப் பார்த்தார். அடையாளம் தெரியாமல் தேடினார்.

"யாரும்மா நீங்க? காரியாபட்டியில இருந்து வாறீகளா?" பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மாடத்தி அனுப்புனாளா?"

பானு எழுந்து நின்றாள். ஆமாம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, இல்லை என்று சொல்லி நகரவும் முடியாது. அவர் கண்ணைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அண்ணே, என்னய மன்னிச்சிருங்க. எனக்கு உங்களத் தெரியாது. இங்கன வீடு வாங்கலாம்னு பாக்கோம். ஆளுக எப்படி, என்னன்னு தெரிஞ்சிக்கிறதுக்காக வாயில வந்த ஒரு பேரச் சொன்னேன். அந்தப் பேருல யாரும் இருக்க மாட்டாகன்னு நெனச்சேன்."

பீவி ஜான் டீ டம்ளரோடு வாசற்படியில் நின்றுவிட்டார்.

மாடத்தி உக்கிரபாண்டியின் ஒரே தங்கை. ஆறு வருஷத்துக்கு முன்பு அம்மாவின் காரியத்தன்று ஏதோ ஒரு பேச்சு முற்றி, அன்றோடு போக்குவரத்து நின்றுவிட்டது. இதை அவரே சொன்னார், அறிமுகமில்லாத இரண்டு பெண்களிடம், நின்றவாறே. சொல்லிவிட்டு, "இந்த ஊருக்கு வந்ததுலருந்து என்னயத் தேடி யாரும் வந்ததில்ல. அதான் கொஞ்சம் வேகமா வந்துட்டேன்," என்றார். "பரவால்லம்மா. நீங்க டீயக் குடிங்க."

மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"அப்ப எங்களச் சோதிச்சுப் பாக்க வந்திருக்கீக," என்றார் பீவி ஜான். குரலில் கோபம் இருந்ததா என்று பானுவால் கண்டுபிடிக்க முடியவில்லை. டீயைக் குடிக்காமல் வரவும் முடியவில்லை. புறப்படும்போது பீவி ஜான் அவள் பேரையும் போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று கேட்க பானுவுக்குத் துணிவில்லை.

"எப்படி, தெரு?" என்று கேட்டான் செழியன்.

"தெரு நல்ல தெருதாங்க. நாந்தான் கெடுத்துட்டு வந்திருக்கேன்."

நடந்ததைக் கேட்டுவிட்டு அவன் சிரிக்கவில்லை. "அந்த மனுசன எழுப்பிக் கூட்டிட்டு வந்திருக்காகளே," என்று மட்டும் சொன்னான். இரண்டு நாள் இருவரும் வீடு வாங்கும் பேச்சே எடுக்கவில்லை. சங்கிலிமுத்து புதிதாக ஒரு நகர் பெயரைச் சொன்னபோதும் பானு ஆர்வம் காட்டவில்லை.

மூன்றாம் நாள் காலை பீவி ஜானிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது.

"பானும்மா, எங்க தெருவப் பத்தித் தெரியணும்னா எங்ககிட்டயே கேட்டிருக்கலாம். சரி, கேட்டுக்கங்க. குழாயில தண்ணி ஆறு நாளைக்கு ஒருக்கா, காலையில அஞ்சு மணிக்கு, முக்கா மணி நேரம். போர்த் தண்ணி உப்பு, பருப்பு வேகாது. கரண்டு அடிக்கடி மினுக்கும், பிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் போட்டுக்கணும். மினி பஸ்ஸு அஞ்சு நடைன்னு எழுதியிருக்கும், நாலுதான் வரும். மழை பெஞ்சா ரெண்டாந்தெரு முக்குல முழங்கா வரைக்கும் தண்ணி நிக்கும். நம்பலன்னா மழை அன்னிக்கு வந்து பாருங்க. பிள்ளைக்கு ஸ்கூலு பக்கம், அது ஒண்ணு நல்லது. நம்ம ஜெய்லானி கிளினிக்கு காலையும் சாயங்காலமும் தெறந்திருக்கும், அது ரெண்டு. மத்தபடி நாங்க இருக்கோம்."

பானு அதை மூன்று தடவை கேட்டாள். செழியனுக்கும் போட்டுக் காட்டினாள். வீடு விற்கிறவர்களும் புரோக்கர்களும் சேர்ந்து இத்தனை நாளில் சொல்லாததை ஒரு தையல்கார அம்மாள் முக்கால் நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

மழை அந்த சனிக்கிழமையே வந்தது. மத்தியானம் பிடித்து நாலு மணி வரை கொட்டிவிட்டு நின்றது. "கிளம்பு, போய்ப் பாத்துருவோம்," என்றான் செழியன். சினேகாவும் கூட வருவேன் என்று நின்றாள். மூன்று பேரும் ஒரே வண்டியில் போனார்கள்.

பீவி ஜான் சொன்னதில் பொய்யில்லை. இரண்டாம் தெரு முக்கில் தண்ணீர் குளம் மாதிரி நின்றது. ஒரு ஆட்டோ பாதியில் அணைந்து கிடந்தது. ஏழெட்டுப் பேர் வேட்டியையும் கைலியையும் மடித்துக் கட்டிக்கொண்டு, அடைத்திருந்த சாக்கடை வாறுகாலை மண்வெட்டியால் கிண்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் உக்கிரபாண்டி. பானுவைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"வாங்கம்மா. இன்னிக்கு யாரத் தேடி வந்தீக?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது என்று பானுவுக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கத்தில் காது சூடேறியது. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

செழியன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, அங்கன தோண்டிப் பிரயோசனமில்ல. வாட்டம் இந்தப் பக்கம்ல இருக்கு," என்றான். பேண்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினான். யாரோ ஒரு கடப்பாரையை நீட்டினார்கள். முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் இரைச்சலோடு இறங்கியது. சேறு அப்பிய காலோடு அவன் திரும்பி வந்தபோது, அவன் முகத்தைப் பார்த்தே பானுவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"என்ன சொல்றீக?"

"மொட்டமாடி சின்னதா இருக்கு," என்றான். "இருக்கட்டும்."

மார்கழிக்கு முன்பே பத்திரம் முடிந்தது. தை மூன்றாம் தேதி பால் காய்ச்சினார்கள். பெரிதாக யாரையும் அழைக்கவில்லை. இருந்தும் வீடு நிறைந்துவிட்டது. பீவி ஜான் சினேகாவுக்கு அளவே எடுக்காமல் ஒரு பாவாடை சட்டை தைத்துக் கொண்டுவந்தார். அது சரியாக இருந்தது. பத்து மணிக்கு கரண்டு போனது. வந்திருந்த பெண்கள் பானு கொண்டுவந்து வைத்திருந்த அச்சகத்துக் காலண்டர் அட்டைகளை எடுத்து விசிறிக்கொண்டார்கள்.

உக்கிரபாண்டி பந்தியில் கடைசியாக உட்கார்ந்தார். பாட்னாவுக்கு லோடு போய்விட்டு, பொங்கலுக்கு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். பானு சாம்பார் ஊற்றக் குனிந்தபோது, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"போன மாசம் காரியாபட்டி போனேம்மா."

பானு கரண்டியை நிறுத்தினாள்.

"அன்னிக்கு ஆள் வந்திருக்குன்னு சொன்னதும் நான் முகம் கழுவுனேன்ல, அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. இத்தன வருசமா அவ ஆளு அனுப்புவான்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கேன். அவளும் அங்க அப்படித்தான இருப்பா? போய் வாசல்ல நின்னேன். 'சாப்பிட்டியா'ன்னு கேட்டா. அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் பேசல. தட்டு வச்சா, சாப்பிட்டேன். பொங்கலுக்கு அவ மக வந்துட்டுப் போனா."

பானு அவர் இலையில் இன்னொரு வடையை வைத்தாள். வேண்டாம் என்று கையை நீட்டியவர், பிறகு எடுத்துக்கொண்டார்.

மத்தியானத்துக்கு மேல் எல்லோரும் போய்விட்டார்கள். பாத்திரங்களைப் பின்கட்டில் கவிழ்த்துவிட்டு பானு முன்னறைக்கு வந்தாள். செழியன் புதுப் பாயில், ஓடாத ஃபேனுக்குக் கீழே, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். சினேகா புதுப் பாவாடையோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவளோடு அவள் வயசுப் பெண் ஒருத்தி நின்றாள்.

"அம்மா, மஹ்ரீன் வீட்டுக்குப் போய்ட்டு வாறேன்."

எந்தத் தெரு, எந்த வீடு, எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்க பானு வாயெடுத்தாள். இரண்டு பெண்களும் அதற்குள் படியிறங்கி, பேசிக்கொண்டே வெயிலில் நடந்தார்கள். அவள் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, செழியன் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள்.